டுட்டுவின் ஆரம்ப வரலாறு: பாவாடை ஓரத்தைப் பார்த்துக் காலத்தைச் சொல்ல ஒரு முழுமையான வழிகாட்டி

பாலே என்னும் ஐரோப்பிய மேடை நடனத்தின் பழைய படம் ஒன்று கையில் கிடைத்தால் முகத்தைப் பார்க்காதீர்கள். பாவாடையின் ஓரம் காலில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள். பாதத்தை மூடியிருந்தால் 1700ஐ ஒட்டிய காலம். கணுக்கால் தெரிந்தால் 1730கள். கெண்டைக்காலில் பாதி தெரிந்து, துணியும் வெண்புகைபோல இருந்தால் 1832க்குப் பிறகு. முழங்கால் எட்டிப் பார்த்தால் 1880கள். தொடை முழுக்கத் தெரிந்து, பாவாடை தட்டுபோல இடுப்பைச் சுற்றி நின்றால் அது இருபதாம் நூற்றாண்டு.

இந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்க்காது. ஏன் பொய்க்காது என்பதைத்தான் இங்கே படிப்படியாகப் பார்க்கப் போகிறோம். பாலே ஆடும் பெண்கள் அணியும் டுட்டுவைத் தேவதைக் கதை உடுப்பாகவும், குழந்தைகளின் பிறந்தநாள் கவுனாகவும் பார்த்தே நமக்குப் பழகிவிட்டது. ஆனால் கொல்லர் கட்டும் தோல் ஏப்ரன் எப்படியோ, அப்படி இதுவும் ஒரு தொழில் உடைதான். கால் புதிதாக ஒரு வித்தையைக் கற்கும்போதெல்லாம், அதை மறைத்த துணி மேலே போனது. மேடை விளக்கு மாறியபோது துணியின் தன்மை மாறியது. கால், துணி, விளக்கு ஆகிய மூன்றையும் கையில் பிடித்துக்கொண்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வரிசைக்கு வந்துவிடும்.

படி 1: உடையைப் பிரித்துப் பாருங்கள்

டுட்டு என்று நாம் பொதுவாகச் சொல்வது உண்மையில் இரண்டு வேறு உடைகள்.

முதலாவது நீளமானது. இடுப்பிலிருந்து மணிபோல விரிந்து கெண்டைக்கால் வரை இறங்கும். மெல்லிய துணி நாலைந்து அடுக்காகச் சுருக்கு வைத்துத் தைக்கப்பட்டிருக்கும். இதை ரொமான்டிக் டுட்டு என்கிறார்கள். அடிப்படையில் இது ஒரு பாவாடைதான். நம் உள்பாவாடையை நாலைந்தாக அடுக்கி, மேலே ரவிக்கைபோல உடலோடு ஒட்டிய ஒரு மேல்சட்டையைச் சேர்த்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது குட்டையானது, கிளாசிக்கல் டுட்டு. இதைப் பாவாடை என்று சொல்வதே சரியல்ல. அடியில் ஜட்டி போன்ற ஓர் உள்ளாடை இருக்கும். அதன்மீது பத்து, பன்னிரண்டு வரிசையாக விறைப்பான வலைத்துணியைச் சுருக்கித் தைப்பார்கள். அடி வரிசை மிகக் குட்டை. மேலே போகப் போக அகலம் கூடும். கீழ் வரிசைகள் மேல் வரிசைகளைத் தாங்கிப் பிடிப்பதால்தான் அது விழாமல் நிற்கிறது. பிறகு அடுக்குகள் கலைந்துபோகாதபடி அவற்றைத் தளர்வான தையலால் ஒன்றோடொன்று கோத்துவிடுவார்கள். உடைக் கிடங்கில் இதைத் தலைகீழாகத்தான் வைப்பார்கள், வலை தொங்கிப்போகாமல் இருக்க.

நம் ஊர்த் தையற்காரர்கள் லெஹங்காவுக்குள் வைத்துத் தைக்கும் 'கேன்-கேன்' துணி இருக்கிறதே, அதற்கும் டுட்டுவின் வலைக்கும் நெருங்கிய உறவு. ஜவுளிக்கடையில் அதை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். கீழே வரும் பாதி விஷயம் அங்கேயே புரிந்துவிடும்.

படி 2: ஆண்கள் பாவாடை அணிந்த காலத்திலிருந்து தொடங்குங்கள்

பலரும் தவறவிடும் இடம் இது. பாலே மேடையில் குட்டையாக, விறைப்பாக, இடுப்பைச் சுற்றி விரிந்து நின்ற முதல் உடை பெண்ணுடையது அல்ல, ஆணுடையது.

பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னர் 1661இல் நடனத்துக்கென்றே ஓர் அரச கழகம் தொடங்கினார். அவரே மேடையேறி ஆடியவர். 1653இல் சூரியக் கடவுளாக வேடமிட்டு ஆடியதால்தான் 'சூரிய மன்னர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த மரபில் வந்த ஆண் ஆட்டக்காரர்கள் தொன்னெலே என்றொரு உடை அணிந்தார்கள். உள்ளே சட்டம் வைத்து, தொடைக்கு மேல் குடைபோல விரித்த குட்டைப் பாவாடை அது. கால் முழுக்கத் தெரியும். வேகமும் தாவலும் அவர்களுக்கு. புகழும் அவர்களுக்கே.

ஓபரா என்னும் இசை நாடகங்களும் பாலேயும் நடக்கும் பாரிஸ் ஓபரா அரங்கில் தொழில்முறைப் பெண்கள் மேடையேறியதே 1681இல்தான். அதுவரை பெண் வேடத்தை முகமூடி போட்ட ஆண்களே ஆடினார்கள். மேடைக்கு வந்த பெண்களும் அரசவைச் சீமாட்டிகளைப்போலவே உடுத்தினார்கள். தரையைத் தொடும் கனத்த பட்டு, இறுக்கிக் கட்டிய கச்சு, பின்னாளில் இடுப்பின் இருபுறமும் கூடைபோல் புடைக்கும் சட்டங்கள். அந்த உடையோடு மிதந்து நடக்கலாம், திரும்பலாம், வணங்கலாம். குதித்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பிரஸ்ஸல்ஸில் பிறந்த மரி கமார்கோவுக்கு இது பொறுக்கவில்லை. 1726இல் பாரிஸ் ஓபராவில் அறிமுகமானவர். அதுவரை ஆண்களுக்கே உரியதாக இருந்த ஒரு தாவலை அவர் ஆடினார்: மேலே எழும்பி, அந்தரத்தில் இருக்கும்போதே இரண்டு பாதங்களையும் முன்னும் பின்னுமாகச் சடசடவென்று மாற்றுவது. வித்தை நடப்பது முழுக்கக் கணுக்காலுக்குக் கீழே. தரை தொடும் பாவாடைக்குள் நடந்தால் யார் பார்ப்பது? சில அங்குலம் வெட்டினார். நிக்கோலா லான்கிரே வரைந்த கமார்கோவின் ஓவியத்தைப் பாருங்கள். இன்றைய கண்ணுக்கு அது நீளப் பாவாடைதான். ஆனால் பாதமும் கணுக்காலும் வெளியே இருக்கின்றன. அந்தச் சில அங்குலத்துக்கே அன்று ஊர் வாய் ஓயவில்லை.

அவருடைய போட்டியாளர் மரி சாலே வேறு வழியில் போனார். 1734இல் லண்டன் கோவென்ட் கார்டன் அரங்கில், சிலை உயிர்பெறும் கிரேக்கக் கதையை ஆடும்போது, சட்டமும் கச்சும் இல்லாமல் மெல்லிய மஸ்லின் துணியை உடலில் தவழவிட்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டு வந்தார். கமார்கோ நீளத்தைக் குறைத்தார், சாலே கனத்தைக் குறைத்தார். டுட்டுவுக்கு இரண்டுமே வேண்டும். இரண்டும் ஓர் உடையில் சேர ஏறக்குறைய நூறு ஆண்டு ஆனது.

நடுவில் பிரெஞ்சுப் புரட்சி வந்து போனது. கிரேக்கச் சிலைகளைப் பார்த்து உடுத்தும் மோகம் எழுந்து, இடுப்புச் சட்டங்கள் போயின. உடலோடு ஒட்டும் தோல்நிறக் காலுறை மேடைக்கு வந்தது. இந்தக் காலுறையைச் சாதாரண விஷயமாக நினைக்க வேண்டாம். அது இல்லாவிட்டால் பாவாடை உயரவே முடிந்திருக்காது.

படி 3: 1832 மார்ச் 12இல் நின்று நிதானமாகப் பாருங்கள்

அன்று பாரிஸ் ஓபராவின் லெ பெல்த்தியே அரங்கில் 'லா சில்ஃபீத்' முதன்முதலாக ஆடப்பட்டது. ஸ்காட்லாந்து இளைஞன் ஒருவன் தன் திருமண நாளில், காற்றில் வாழும் சில்ஃப் என்னும் ஒரு பெண்ணின் பின்னால் போய்விடுகிறான். அவளைப் பிடித்து வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு, சூனியக்காரி தந்த சால்வையை அவள்மேல் போர்த்துகிறான். அவளுடைய சிறகுகள் உதிர்ந்துவிடுகின்றன, அவளும் இறக்கிறாள். நடனத்தை அமைத்தவர் ஃபிலிப்போ தாலியோனி. சில்ஃபாக ஆடியவர் அவர் மகள் மரி.

மரி தாலியோனி பேரழகி என்று பெயரெடுத்தவர் அல்ல. கைகள் நீளம், முதுகில் லேசான கூன். வியன்னாவில் அறிமுகமாவதற்கு முன்பு அப்பா அவரை ஒரு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்கு இரண்டு மணி நேரம் என்று வாட்டி எடுத்தார். பலன், கால்விரல் நுனியில் நிற்பது அவருக்கு வித்தையாகத் தெரியாமல் இயல்பாக வந்தது. அவருக்கு முன்பும் சிலர் விரல் நுனியில் நின்றிருக்கிறார்கள். அது சர்க்கஸ் மாதிரி இருந்தது. கதையில் வரும் பெண்ணுக்கு எடையே கிடையாது, அதனால்தான் அவள் பாதம் தரையில் பதியவில்லை என்று பார்ப்பவர் நம்பும்படி ஆடியவர் தாலியோனி.

இப்போது உடைக்கு வருவோம். வடிவமைத்தவர் ஓவியர் யூஜேன் லாமி என்பது வழக்கமாகச் சொல்லப்படுவது. தோள் தெரியும் ஒட்டிய மேல்சட்டை, மணி வடிவில் கெண்டைக்கால் வரை இறங்கும் வெள்ளைப் பாவாடை, முதுகில் சின்னச் சிறகு, தலையில் பூவளையம், கழுத்திலும் கையிலும் முத்து. ஏதோ வானத்திலிருந்து விழுந்த உடை என்று நினைத்துவிடாதீர்கள். அதே ஆண்டில் பாரிஸில் விருந்துக்குப் போன ஒரு பெண்ணின் கவுனை இதன் பக்கத்தில் வையுங்கள். தோள், இடுப்பு, மணி வடிவம் எல்லாம் அதேதான். கவுனிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டு, கனத்தை எடுத்துவிட்டு, கீழே ஒரு முழம் வெட்டினால் கிடைப்பதுதான் சில்ஃபின் உடை. அன்றைய பார்வையாளருக்குத் தெரிந்த பெண்ணாகவும், இந்த உலகத்தைச் சேராதவளாகவும் ஒரே நேரத்தில் அவள் தோன்றியது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

விளக்கையும் மறக்கக் கூடாது. பாரிஸ் ஓபராவுக்கு வாயு விளக்கு 1822இல் வந்தது, அதுவும் அலாவுதீனின் அற்புத விளக்கைப் பற்றிய ஓர் ஓபராவுக்காக. மெழுகுவர்த்தியை ஒவ்வொன்றாக ஏற்றி அணைக்க வேண்டும். வாயுவைக் குழாயில் திருகிக் கூட்டலாம், குறைக்கலாம். 1831 நவம்பரில் மேயர்பேர் இசையமைத்த 'ராபர்ட் என்னும் பேய்' ஓபராவில், இறந்த கன்னியாஸ்திரிகள் நிலவொளியில் கல்லறையிலிருந்து எழுந்து ஆடும் காட்சி வந்தது. அவர்களின் தலைவியாக வந்தவரும் தாலியோனிதான். மங்கிய வாயு வெளிச்சத்தில் வெள்ளைத் துணி எப்படி ஒளிரும் என்று பாரிஸ் அன்று கண்டுகொண்டது. நாலே மாதத்தில் சில்ஃப் வந்தாள். 1841 ஜூன் 28இல் 'ஜிசெல்' வந்தது. கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன பெண்களின் ஆவிகள் இரண்டாம் அங்கம் முழுக்க வெள்ளையில் ஆடின. வெள்ளை பாலே என்றே ஒரு வகை உண்டாகிவிட்டது.

இங்கே ஒரு கிளைக்கதை. நம் ஊர்க் கதை. 1838இல் கடலூர் அருகேயுள்ள திருவந்திபுரத்திலிருந்து ஒரு தேவதாசிக் குழு கப்பலேறி பிரான்ஸ் போனது. ஆகஸ்டில் பாரிஸ் வரியத்தே அரங்கில் அவர்கள் ஆடினார்கள். அவர்களில் ஒருவரான அம்மணியைப் பார்த்து மயங்கி எழுதியவர் பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே. மூன்றாண்டு கழித்து 'ஜிசெல்' கதையை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவரே. தாலியோனியைச் சில்ஃப் உடையில் சிறு வெண்கலச் சிலையாக வடித்த சிற்பி ழான்-ஒகுஸ்த் பார், அம்மணியையும் சிலையாக வடித்தார். இரண்டு சிலைகளின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒருத்தி தரையைவிட்டுப் போகப் பார்க்கிறாள், மற்றவள் தரையில் ஊன்றி நிற்கிறாள். ஆனால் பாரிஸுக்கு ஏற்கெனவே சொந்தமாக ஒரு கற்பனைத் தேவதாசி இருந்தாள். 1830இலேயே தாலியோனி அந்த வேடத்தில் ஆடிவிட்டார். நிஜமானவர்கள் வந்து போன பிறகும் கற்பனைதான் மேடையில் நிலைத்தது. 1877இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்கில் மரியஸ் பெத்திபா அமைத்த 'லா பாயதேர்', இந்தியக் கோயில் தாசியின் கதை. அதில் இறந்தவர் உலகக் காட்சியில் வரிசை வரிசையாக இறங்கி வரும் பெண்கள் உடுத்தியிருப்பது வெள்ளை டுட்டு.

படி 4: துணியைத் தொட்டுப் பாருங்கள்

அந்தக் காலப் பாவாடைகளில் மஸ்லின், டார்லட்டன், டூல் என்ற மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். மஸ்லின் நமக்குத் தெரிந்ததே. டார்லட்டன் என்பது இடைவெளிவிட்டு நெய்த பருத்தித் துணிக்குக் கெட்டியாகக் கஞ்சி போட்டது. டூல் என்பது நெய்த துணியே அல்ல. நூலை நூலோடு முறுக்கி அறுகோணக் கண்களாக உருவாக்கிய வலை. நல்ல கொசுவலையை நினைத்துக்கொண்டால் போதும்.

டூல் மலிவாகக் கிடைக்க ஒரு இயந்திரம் வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 1809இல் அந்த வலைப்பின்னல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை கையால் பின்னிய வலை சீமாட்டிகளுக்கு மட்டுமே எட்டியது. 1816இல் லக்பரோவிலிருந்த அவருடைய ஆலைக்குள் ஆட்கள் புகுந்து 55 இயந்திரங்களை உடைத்தார்கள். இயந்திரம் பிழைப்பைக் கெடுக்கிறது என்று வெகுண்டெழுந்த லட்டைட் கலகக் காலம் அது. அவர் டெவன் பகுதியிலிருந்த டிவர்ட்டன் ஊருக்கு ஆலையை மாற்றிக்கொண்டார். காற்றாலேயே ஆனவள்போலத் தெரியும் சில்ஃபுக்குப் பின்னால் சம்மட்டி அடியும் ஆலைப் புகையும் இருக்கின்றன.

கஞ்சி போட்ட துணிக்கு ஒரு தொல்லை உண்டு. நம் காட்டன் சேலை மாதிரிதான்: காலையில் விறைப்பாக நிற்கும், வியர்வை பட்டால் துவண்டுவிடும். ஆட்டக்காரி மேடையில் அரை மணி நேரம் ஆடினால் பாவாடையும் களைத்துப்போகும். பழைய புகைப்படங்களில் பாவாடை தொய்ந்து கிடப்பதைப் பார்த்துத் தையல் மோசம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

படி 5: நெருப்பைக் கடந்து போகாதீர்கள்

டுட்டு வரலாறு என்று அழகழகாக எழுதுபவர்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கண்கண்ணான பருத்தித் துணி, அடுக்குகளுக்கு நடுவே நிறையக் காற்று, சுற்றிலும் மூடியில்லாத வாயு விளக்கு. அடுப்பெரிக்க இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது.

1844 டிசம்பரில் லண்டன் ட்ரூரி லேன் அரங்கில் ஆடிக்கொண்டிருந்த கிளாரா வெப்ஸ்டரின் பாவாடை விளக்கில் பட்டுப் பற்றிக்கொண்டது. மூன்று நாளில் இறந்தார். 1861 செப்டம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் ஓர் அரங்கின் உடைமாற்றும் அறையில் ஒருத்தியின் உடையில் தீப்பிடிக்க, காப்பாற்ற ஓடியவர்கள் மேலும் பரவி, கேல் சகோதரிகள் உட்பட குறைந்தது ஆறு பேர் மாண்டார்கள்.

எம்மா லிவ்ரியின் கதைதான் மனத்தைவிட்டுப் போகாதது. 1858இல், பதினாறு வயதில், லா சில்ஃபீத்தில் சில்ஃபாகவே பாரிஸில் அறிமுகமானார். வயதான தாலியோனி அவரைப் பார்த்துத் தன் வாரிசு இவள்தான் என்று எடுத்துக்கொண்டு, 1860இல் அவருக்காகவே 'பட்டாம்பூச்சி' என்ற பாலேவை அமைத்தார். தாலியோனி வாழ்நாளில் அமைத்த ஒரே முழு பாலே அது, இசை ஓஃபன்பாக். அதில் பட்டாம்பூச்சியாக வரும் பெண்ணின் சிறகு தீப்பந்தத்தில் பட்டுக் கருகும்.

அப்போதே தீப்பிடிக்காத துணி இருந்தது. கார்த்தெரோன் என்பவர் படிகாரம், வெண்காரம் போன்ற உப்புகளில் துணியைத் தோய்க்கும் முறையைக் கொண்டுவந்திருந்தார். 1859 நவம்பரில், மேடைத் துணிகளையும் உடைகளையும் அப்படித் தோய்க்க வேண்டும் என்று பிரான்ஸில் அரசாணையே போட்டார்கள். ஆனால் தோய்த்த துணி மஞ்சளித்தது, மொடமொடத்தது, மிதக்கவில்லை. தன் வழக்கமான பாவாடையில்தான் ஆடுவேன் என்று லிவ்ரி ஓபரா இயக்குநருக்கு எழுதிக் கொடுத்தார். பொறுப்பும் தனதே என்றார்.

1862 நவம்பர் 15. ஓர் ஓபராவுக்கான ஒத்திகை. பக்கவாட்டில் காத்திருந்தவர் பாவாடை நசுங்காமல் இருக்க அதைத் தூக்கி விரித்தார். துணி வாயுச் சுடரில் பட்டது. எட்டு மாதம் வேதனைப்பட்டு 1863 ஜூலை 26இல் இறந்தார். படுக்கையில் கிடந்தபோதும், அந்தத் தோய்த்த பாவாடைகள் ஆபத்தில்லாதவைதான், ஆனால் திரும்ப ஆட வந்தாலும் அணிய மாட்டேன், அவ்வளவு அசிங்கம் என்று சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அவருடைய உடையில் கருகாமல் எஞ்சிய துண்டுகள் பாரிஸ் ஓபராவின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன.

அழகுக்காக உயிரைவிட்டாள் என்று கதை முடிப்பது எளிது. தொழில் கோணத்திலிருந்து பார்த்தால் வேறு தெரியும். மிதப்பதுதான் அவருடைய பிழைப்பு, துணி மிதக்காவிட்டால் சில்ஃபும் இல்லை. அந்த முடிவை ஓர் இளம்பெண்ணின் தலையில் விட்டுவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன்.

படி 6: பெயரை இங்கே வையுங்கள், முன்னால் அல்ல

இதுவரை வந்த யாருமே டுட்டு என்ற சொல்லைச் சொல்லியிருக்க வாய்ப்பு குறைவு. பிரெஞ்சு அகராதிகள் காட்டும் முதல் அச்சுப் பதிவு 1881. தாலியோனி 1884இல் இறந்தார். அவர் புகழாக்கிய உடைக்கு அவருடைய கடைசிக் காலத்தில்தான் பெயர் கிடைத்தது.

சொல் எங்கிருந்து வந்தது? டூல் துணியிலிருந்து வந்ததென்று ஒரு நாகரிகமான விளக்கம் உண்டு. அகராதிக்காரர்கள் சாய்வது வேறு பக்கம்: பின்பக்கத்தைக் குறிக்கும் பிரெஞ்சுக் குழந்தைச் சொல் ஒன்று 'குகு', அது மருவி டுட்டு. ஓபராவில் ஆண்டுச் சந்தா கட்டிய பணக்கார ஆண்கள் மேடைக்குப் பின்னாலிருந்த நடனக் கூடத்துக்கே வந்து, ஆடும் பெண்களோடு அரட்டையடிக்கலாம் என்ற வழக்கம் இருந்தது. பாவாடைக்கடியில் என்ன தெரிகிறது என்பதில் அவர்களுக்கு இருந்த அக்கறையை இந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

படி 7: இத்தாலியப் பெண்களோடு ரஷ்யாவுக்குப் போங்கள்

1870களில் பாரிஸில் பாலே களையிழந்தது. வித்தை மிலானில் வளர்ந்தது, பணம் பீட்டர்ஸ்பர்கில் இருந்தது. இத்தாலியர்கள் காலணியின் முனையை விறைப்பாக்கினார்கள். தாலியோனியின் காலணி வெறும் மென்பட்டு. நுனியிலும் ஓரத்திலும் நூலோட்டிப் பலப்படுத்தியது, அவ்வளவுதான். கெட்டியான முனை கிடைத்ததும் அதன்மேல் நின்று பம்பரமாகச் சுற்றலாம் என்றானது.

சுற்றத் தொடங்கினால் நீளப் பாவாடை எதிரியாகிவிடும். காலில் சுருண்டுகொள்ளும், காற்றைப் பிடித்து வேகத்தைக் குறைக்கும், முழங்கால் நேராக இருக்கிறதா என்பதையும் மறைக்கும். 1885இல் பீட்டர்ஸ்பர்குக்கு வந்த வர்ஜீனியா ஸுக்கி, அரச அரங்கில் கொடுத்த நீளமான உடையைப் பார்த்து, இது பாட்டிமார் போடும் பாவாடை, எனக்கு வேண்டாம் என்று சொல்லி, குட்டையானதையே அணிந்து ஆடினார் என்று ஒரு கதை உண்டு. அரங்க விதிகளை மீறித்தான். 1893இல் அங்கே வந்த பியரினா லென்யானி, ஒரு காலில் நின்றபடி மற்றக் காலைச் சாட்டைபோல வீசி வீசி முப்பத்திரண்டு முறை தொடர்ந்து சுழன்று காட்டினார். 1895இல் 'அன்னப் பொய்கை'யிலும் அதையே செய்தார். அந்த முப்பத்திரண்டு சுற்றுதான் இன்றுவரை எல்லோரும் எண்ணுவது.

ஒன்றைக் கவனியுங்கள். லென்யானியின் புகைப்படங்களில் இன்று நாம் நினைக்கும் தட்டு டுட்டு கிடையாது. முழங்காலை ஒட்டி நிற்கும், கொழுகொழுவென்று கீழ்நோக்கிக் கவிந்த மணிதான். 1890இல் 'உறங்கும் அழகி'யில் அரோராவாக ஆடிய கார்லோட்டா பிரியான்சாவின் படங்களும் அப்படியே. கம்பி வளையம் வைத்துக் கிடைமட்டமாக விரித்த தட்டு அதற்கும் பிறகு வந்தது. 1950இல் பார்பரா கரின்ஸ்கா நியூயார்க்கில் வளையத்தைத் தூக்கி எறிந்து, பவுடர் பஃப் போன்ற மென்மையான குட்டை டுட்டுவை உருவாக்கினார். அது இன்னொரு நாள் கதை.

படி 8: வீட்டில் ஒரு சோதனை

இது கட்டாயமில்லை, ஆனால் பத்து நிமிட வேலைதான். விறைப்பான நெட் துணி இரண்டு மீட்டர் வாங்குங்கள். ஒரு முழ அகலத்தில் ஒரு துண்டு, அரை முழத்தில் இன்னொன்று, நாலு விரல் அகலத்தில் மூன்றாவது என்று வெட்டி, ஒவ்வொன்றையும் ஒரு ஓரத்தில் சுருக்கி நாடாவில் தையுங்கள். மேசை விளிம்பில் வைத்து நாடாவை அழுத்திப் பிடித்து, துணியை வெளியே நீட்டிவிடுங்கள்.

நாலு விரல் துண்டு ஏறக்குறைய நேராக நிற்கும். ஒரு முழத் துண்டு பொத்தென்று தொங்கிவிடும். நீளம் இரண்டு மடங்கானால் தொங்கல் இரண்டு மடங்கோடு நிற்பதில்லை, பல மடங்காகிவிடும். பாவாடை குட்டையாகக் குட்டையாகத் தானாகவே விரிந்து நிற்கத் தொடங்கியது இதனால்தான். மணி வடிவம் தட்டாக மாறியதில் ஆசைக்கு எவ்வளவு பங்கோ அதே அளவு துணியின் குணத்துக்கும் பங்குண்டு. அடுத்து, நீளத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றிச் சட்டென்று நில்லுங்கள். நீங்கள் நின்ற பிறகும் துணி ஒரு நொடி ஓடிவிட்டுத்தான் அடங்கும். தாலியோனி மிதப்பதுபோலத் தெரிந்ததில் அந்த ஒரு நொடியும் சேர்த்தி.

படி 9: ஏமாற்றும் படங்களை அடையாளம் காணுங்கள்

சரி, இப்போது படங்களுக்குத் திரும்பலாம். முதலில் சொன்ன கணக்கு சறுக்கும் இடங்கள் சில உண்டு.

1830கள், 40களின் கல்லச்சுப் படங்கள் முகஸ்துதி செய்பவை. பாதம் ஊசிமுனை, இடுப்பு கைப்பிடி, பாவாடை ஆவி. 1860களுக்குப் பிறகு வந்த சின்ன அட்டைப் புகைப்படங்களில் அதே தொழிலைச் செய்த பெண்கள் உருண்டு திரண்ட கெண்டைக்காலோடு, கனமான பாவாடையில் நிற்பார்கள். நம்ப வேண்டியது இவற்றை.

நிறமும் சரிகையும் இருந்தால் அவசரப்படாதீர்கள். ஃபான்னி எல்ஸ்லர் 1836இல் ஆடிப் புகழ்பெற்ற கச்சுச்சா நடனத்தின் உடை, இளஞ்சிவப்பு சாட்டினில் கருப்பு லேஸ் தொங்கல்கள் வைத்தது. தாலியோனியின் அதே காலம்தான், ஆனால் டுட்டு வம்சம் அல்ல. ஸ்பானிய நாட்டுப்புற வேடம்.

விறைப்பான குட்டைப் பாவாடையோடு தலையில் இறகுக் கொத்தும் இருந்தால், ஆண் தொன்னெலேவாக இருக்கலாம். காலைப் பாருங்கள்.

எட்கர் தெகாவின் 1870களின் நடன வகுப்பு ஓவியங்கள் நல்ல சான்றுகள். முழங்காலை ஒட்டிய வெள்ளை டார்லட்டன், இடுப்பில் வண்ண ரிப்பன். கோல் ஊன்றி நிற்கும் முதியவர் ஜூல் பெரோ. இளமையில் தாலியோனியின் ஜோடியாக ஆடியவர், 'ஜிசெல்' நடனங்களை அமைத்தவர்களில் ஒருவர். மெல்லிய நீளப் பாவாடையின் காலத்து மனிதர், குட்டைப் பாவாடைக்காரிகளுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

தெகாவின் சிலை மட்டும் ஏமாற்றும். 1881இல் அவர் காட்சிக்கு வைத்த 'பதினான்கு வயதுச் சிறு ஆட்டக்காரி', ஓபராவின் மாணவி மரி வான் கோத்தெமைப் பார்த்துச் செய்தது. மெழுகு உடல், நிஜ முடி, நிஜ ரிப்பன், நிஜத் துணியில் டுட்டு. அவர் இறந்த பிறகு அதை வெண்கலத்தில் பல பிரதிகளாக வார்த்தார்கள். வெண்கலம் கெடவில்லை, துணி கெட்டது. ஒவ்வொரு அருங்காட்சியகமும் தன் காலத்தில் தனக்குச் சரியென்று பட்ட பாவாடையைத் தைத்து மாட்டியது. ஓரிடத்தில் கந்தலாகத் தொடையோடு நிற்கிறது, இன்னோரிடத்தில் முழங்கால்வரை புசுபுசுவென்று இறங்குகிறது. ஒரே சிறுமி, ஒரே நிற்கும் பாங்கு. அந்தப் பாவாடை ஓரத்தைப் பார்த்து நீங்கள் கண்டுபிடிப்பது தெகாவின் ஆண்டையல்ல, தையற்காரரின் ஆண்டை.